இடதுபக்கம் பார்த்தால் பள்ளிவாசல்

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற சந்தில் போய் நூருல் அமீன் என்று கேட்டால் யாரும் தெரியாது என்பார்கள். மிக்ஸிக்கார அமீன் என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அவருடைய அத்தா ஆரம்பித்த கடை. ஆறடிக்கு எட்டடி. ஸ்டூலை விட்டு எழாமல் எந்த ஜாருக்கும் பிளேடும், எந்தக் கிரைண்டருக்கும் பெல்ட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவார். முப்பது வருஷமாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனிதர் தொழில் நிமித்தம் போன அதிகபட்ச தூரம் கோயம்புத்தூர், அதுவும் கிரைண்டர் கல் வாங்க.

அவருக்கு ஒரு பலவீனம் உண்டு. 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. மோட்டார் கருகி உள்ளே கம்பியெல்லாம் கூழாகிப்போன மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்தாலும், "பாப்போம்க்கா, வச்சுட்டுப் போங்க" என்பார். அப்படி வைத்துவிட்டுப் போன மிக்ஸிகள் பரண் கொள்ளாமல் கிடந்தன.

மனைவி சாயிரா பானுவுக்கு முழங்கால் தேய்ந்து, காஜிமார் தெரு வீட்டு மாடிப்படி ஏறமுடியாமல் ஆனதும், லிஃப்ட் உள்ள அடுக்குமாடியாகப் பார்த்து கே.கே. நகருக்குக் குடிபோனார்கள். போன மூன்றாம் மாதம் அமீனுக்குச் சர்க்கரை என்றார் டாக்டர். காலையில் நடக்கச் சொன்னார். நடக்கப் போன பூங்காவில்தான் சங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது.

சங்கம் என்றால் காலை நடையாளர் நலச் சங்கம். தலைவர் ஹாலாஸ்யம். எழுபத்தொரு வயது. கருவூலத்தில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து, மற்ற ஆபீஸ்களிலிருந்து வரும் பில்களில் குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவர். ஓய்வுக்குப் பிறகு திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாமல் போனதால்தான் சங்கம் ஆரம்பித்தார் என்று அவர் மனைவி வாலாம்பாளே சொல்லுவார். அந்தச் சங்கத்தில் அமீன் ஒருவர்தான் முஸ்லிம். அதனால் அவருக்கு அங்கே பெயர் தேவைப்படவில்லை. 'பாய்' என்றால் போதும்.

அந்த வருஷம் நடையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு, மத நல்லிணக்கத்துக்கு ஒரு சுழற்கோப்பை அறிவித்தது. பக்கத்து நகர்ச் சங்கம் முந்திக்கொண்டது. நோன்பு மாதத்தில் ஒரு பள்ளிவாசலுக்குப் போய் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்து, குடித்ததைப் படமெடுத்து, படத்தை பிளெக்ஸ் அடித்து நாற்சந்தியில் கட்டிவிட்டது.

மறுநாள் காலை பூங்கா சிமெண்ட் பெஞ்சில் அவசரக் கூட்டம்.

"அவா கஞ்சி குடிச்சாச்சு. நாம என்ன பண்ணப்போறோம்?" என்றார் ஹாலாஸ்யம்.

"நாம பிரியாணி சாப்பிட்றலாம் சார்" என்றார் கிரிதர். டூவீலர் ஷோரூம் வைத்திருப்பவர். சங்கத்தில் நடக்காமல் ஓடுகிற ஒரே ஆள்.

ஹாலாஸ்யம் அவரை ஒரு பில்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். "அவா ஒரு தெருவுக்குப் போனா. நாம ரெண்டு தேசத்துக்குப் போவோம். ரெண்டும் முஸ்லிம் தேசம். மலேசியா, இந்தோனேசியா. ஏழு நாள் பண்பாட்டுப் பயணம். கோப்பை எந்தப் பக்கம் சுழல்றதுன்னு பார்த்துடுவோம்."

கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகள் ஓய்ந்ததும் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஓரத்தில் ஷூவைக் கழற்றிக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அமீன்.

"பாய் இருக்கச்சே நமக்கென்ன கவலை? பூரா அவர் மனுஷாதானே அங்கே" என்றார் ஹாலாஸ்யம்.

"சார், எனக்கு அந்தப் பக்கமெல்லாம் ஒண்ணும்..."

"அடக்கமாப் பேசறார்."

அன்று காலை ஆறு ஐம்பதுக்கு, ஒரு காலில் ஷூவோடு, நூருல் அமீன் சங்கத்தின் பண்பாட்டு ஒருங்கிணைப்பாளர் ஆனார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சாயிரா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.

"அந்த ஊர்ல ஒங்களுக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

"பாஷை?"

"அதுவும் தெரியாது."

"பெறகு எதுக்கு ஒங்களப் போட்டாங்க?"

அமீன் ஷூவைக் கழற்றினார். "சும்மா, பேருக்குத்தான்."

"அதான் தெரியுதே, பேருக்குத்தான் போட்டிருக்காங்க" என்றார் சாயிரா. "உம்ராவுக்கு மக்கா கூட்டிட்டுப் போங்கன்னு ஏழு வருசமாக் கேக்குறேன். கடைய யாரு பாப்பாங்கறீங்க. இப்ப மட்டும் கடைய யாரு பாப்பா?"

பழைய தெருப் பள்ளியில் வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வெளியே வந்தால் அங்கேயும் அதே பேச்சு. ஜமாஅத்தில் மூத்த ஒருவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "என்னப்பா அமீன், மக்காவுக்கு நேரமில்ல, ஊர் பாக்க மட்டும் நேரமிருக்காம்ல?" என்றார். "இல்லத்தா, இது நல்லிணக்கம்" என்றார் அமீன். "யாரோட?" என்று கேட்டார் அவர். அமீனும் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

பூங்காவில் சந்தேகங்கள் வர ஆரம்பித்தன. ஒரு சுற்றுக்கு இரண்டு பேர் அவரோடு சேர்ந்து நடப்பார்கள். அங்கே பொட்டு வைத்துக்கொள்ள விடுவார்களா? செருப்புப் போட்டு நடக்கலாமா? தயிர் உறைக்குப் போடுவார்களா, கடையில் வாங்குவார்களா? முதல் வாரம் அமீன் எல்லாவற்றுக்கும் "தெரியலையே" என்றார். மனிதர் பிடி கொடுக்கமாட்டேன் என்கிறார் என்று வருத்தப்பட்டார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாவற்றுக்கும் "ஆகும்" என்றார். பாய்க்கு அந்த ஊர் அத்துப்படி என்று பெயர் வந்துவிட்டது. போன் சார்ஜர் அங்கே பொருந்துமா என்று ஒரே ஒருவர் கேட்டார். அதற்கு மட்டும் அமீன் நின்று, மலேசியாவில் பட்டையான மூன்று பின், இந்தோனேசியாவில் உருண்டையான இரண்டு பின், இரண்டுக்கும் தனித்தனி அடாப்டர் வேண்டும் என்று முழு விவரமும் சொன்னார். தொழில் அறிவு. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

பயணத் திட்டத்தை எழுதியவர் பிரியம்வதா டீச்சர். பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் ஹாலாஸ்யம் பயப்படுகிற ஒரே ஆள். ஆறு பக்கத்தில் அழகான கையெழுத்தில் கொண்டுவந்தார். கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசல், இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். மலாக்காவில் நம் ஊர்க் கரையிலிருந்து போன வணிகர்கள் கட்டிய பழைய பள்ளிவாசல். அங்கிருந்து ஜாவாவில் யோக்யகர்த்தா, சுல்தான் அரண்மனை, போரோபுதூர், பிரம்பனான். அமீன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். அரண்மனையில் வெண்கல வாத்தியங்கள் வாசிப்பார்கள் என்று இருந்த வரியை வீட்டில் சாயிராவுக்கு வாசித்துக் காட்டினார். முதல்முறையாக, போனால் என்ன என்று தோன்றியது.

அப்புறம் கூட்டங்கள் நடந்தன.

முதல் கூட்டத்தில் தேசியப் பள்ளிவாசல் போய்ப் பத்துமலை முருகன் வந்தார். முருகனை விட்டுவிட்டு ஊர் திரும்பினால் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியாது என்றார்கள். அது நியாயம்தான் என்று டீச்சரும் விட்டுவிட்டார். இரண்டாம் கூட்டத்தில் அருங்காட்சியகம் போயிற்று. அந்த நேரத்தில்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வாழையிலை போடுகிற கடைக்குப் போகவேண்டியிருந்தது. மூன்றாம் கூட்டத்தில் மலாக்கா மொத்தமும் போயிற்று. கிரிதரின் மனைவிக்குத் துணிக்கடை வீதியில் ஒருநாள் பத்தாதாம். நான்காம் கூட்டத்தில் சுல்தான் அரண்மனையை எடுத்துவிட்டு ஒரு மாரியம்மனைப் போட்டார்கள்.

ஏழாம் கூட்டம் முடிந்தபோது, இரண்டு முஸ்லிம் நாடுகளின் பண்பாட்டுப் பயணத்தில் ஐந்து கோயில், நான்கு இட்லிக் கடை, இரண்டு துணிக்கடை வீதி, போரோபுதூரில் ஒரு புத்தர் இருந்தன. பள்ளிவாசல் ஒன்று. அதற்கு நேரே ஹாலாஸ்யம் தன் கையால் எழுதியிருந்தார்: 'ஓடும் பேருந்திலிருந்து, இடதுபக்கம்.'

"சார், இதுக்கு நாம அழகர்கோயிலுக்கே போயிட்டு வந்துடலாமே" என்றார் பிரியம்வதா.

"டீச்சர், நல்லிணக்கம்னா ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கணும்" என்றார் ஹாலாஸ்யம். "பாய், நீங்க அந்த இடம் வரச்சே எல்லாரையும் இடதுபக்கம் பார்க்கச் சொல்லிடுங்கோ. அது உங்க பொறுப்பு."

"ஆகட்டும் சார்" என்றார் அமீன்.

யோக்யகர்த்தாவில் வழிகாட்டி வேண்டும் என்று ஏஜென்சிக்கு எழுதியதில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று அன்வர். இன்னொன்று விஸ்னு வர்தனா. ஹாலாஸ்யம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"விஷ்ணு வர்த்தனன்! பேரைப் பாருங்கோ! ஆயிரம் வருஷமாச்சு, அந்தக் கடலைத் தாண்டி, அத்தனை பேருக்கு நடுவுல, நம்மாளு ஒருத்தன் பேரை மாத்திக்காம உட்கார்ந்திருக்கான். இவனைத்தான் போடணும்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. விஸ்னுவோடு பேச்சுவார்த்தை நடத்துவது ஒருங்கிணைப்பாளர் வேலை. அமீன் கடையில் உட்கார்ந்து, தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிச் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு வணக்கம் போட்டார். பத்து நிமிஷத்தில் குரல்பதிவு வந்தது. கையில் கழற்றிய ஜாரோடு அமீன் அதைக் காதில் வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும், நூருல் ஐயா!" என்றது குரல். பயணத் தேதி நல்ல தேதி, இன்ஷா அல்லாஹ் எல்லாம் சிறப்பாக நடக்கும். ஒரே ஒரு வேண்டுகோள், வெள்ளிக்கிழமை பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை ஜும்ஆ தொழுகைக்கு மட்டும் விடவேண்டும் என்று மெதுவான ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தான் விஸ்னு.

அமீன் இரண்டாவது தடவையும் கேட்டார். ஜாரைக் கீழே வைத்தார். வ அலைக்கும் ஸலாம் சொல்லிவிட்டு, தம்பி தப்பாக நினைக்கக்கூடாது, இந்தப் பேர் எப்படி என்று கேட்டார். சிரித்துக்கொண்டே பதில் வந்தது. தாத்தா தோல்பாவை ஆட்டுகிறவர், ஐந்து வேளையும் தொழுகிறவர், பேரன்களுக்கெல்லாம் பாவைக்கூத்திலிருந்துதான் பேர் வைத்தார். அண்ணன் பேர் பீமா, அவர் ஹஜ் முடித்துவிட்டு வந்தவர்.

அன்று மத்தியானம் அமீன் கடையை அரைமணி நேரம் முன்னாலேயே சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாயிராவிடம் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். சாயிரா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஒங்க தலைவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிறாதீங்க."

சொல்லவேண்டும் என்றுதான் மறுநாள் காலை போனார். ஆனால் ஹாலாஸ்யம் அப்போது ஒரு புது உறுப்பினரிடம், ஜாவாவில் நம் வம்சம் என்ற தலைப்பில் இரண்டாவது சுற்றில் இருந்தார். ஒரு விஷயம் தனக்குத் தெரிந்து ஹாலாஸ்யத்துக்குத் தெரியாமல் இருக்கிறது என்பது அமீனுக்குப் பழக்கமில்லாத சுகமாக இருந்தது. அப்படியே நடந்துவிட்டார். திட்டத்தில் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நேரே 'உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்வு' என்று எழுதினார்.

"இது என்ன பாய், நிகழ்வு?"

"வாராவாரம் நடக்குறதுதான் சார்."

"டிக்கெட்?"

"கெடையாது."

"பேஷ்" என்று டிக் அடித்தார் ஹாலாஸ்யம்.

புறப்பட இருபது நாள் இருக்கும்போது கூட்டமைப்பு உடைந்தது. பரிசளிப்பு மேடையில் யார் நடுவில் உட்காருவது என்பதில் ஆரம்பித்து, இரண்டு கூட்டமைப்பாகப் பிரிந்து, கோப்பையை ஒரு பொது மனிதரின் குடோனில் வைத்துப் பூட்டினார்கள். இனி எதற்குப் போகவேண்டும் என்று சங்கத்தில் நான்கு பேர் கேட்டார்கள். டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கிடையாது என்று ஏஜென்ட் சொல்லிவிட்டதால் நல்லிணக்கம் தொடர்ந்தது.

திருச்சி போய் விமானம் ஏறினார்கள். சாயிராவையும் சேர்த்துப் பதினொரு பேர். கோலாலம்பூரில் வேன் ஓட்டியவர் தமிழ், ஹோட்டலில் தமிழ், இட்லிக் கடையில் தமிழ். "நாம ஊரை விட்டே கெளம்பலையோன்னு இருக்கு சார்" என்றார் கிரிதர். பத்துமலையில் ஹாலாஸ்யம் படிக்கட்டு முழுவதும் ஏறினார். சாயிராவும் வாலாம்பாளும் கீழே நிழலில் உட்கார்ந்து புறாக்களைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பள்ளிவாசல் வரவேண்டிய இடம் வந்தது. அமீன் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் இடதுபக்கம் பாருங்க" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். நீளமாக ஒரு சுவர் போயிற்று. சாலையில் ஏதோ வேலை என்று ஓட்டுநர் மாற்றுவழியில் திருப்பியிருந்தார். பள்ளிவாசல் வலதுபக்கம் நீலக் குவிமாடத்தோடு வந்து, யாரும் பார்க்காமல் போய்விட்டது. கிரிதர் அந்தச் சுவரைப் படம் எடுத்துக்கொண்டார்.

யோக்யகர்த்தா விமான நிலையத்தில் விஸ்னு பூப்போட்ட பத்திக் சட்டையில் நின்றிருந்தான். முப்பது வயதிருக்கும். இரண்டு கையையும் கூப்பினான். ஹாலாஸ்யத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் விஸ்னுவை விட்டு அவர் நகரவில்லை. வேனில் அவன் பக்கத்து இடம் அவருக்கு. விபூதியை எடுத்து அவன் நெற்றியில் இடப்போனபோது, அவன் குனிந்து கையில் வாங்கி, கைக்குட்டையில் மரியாதையாக முடிந்துகொண்டான்.

"பார்த்தேளா, ஆத்துல எல்லாருக்கும் கொண்டுபோறான்" என்றார் ஹாலாஸ்யம் பின்னால் திரும்பி. அமீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

ஒரு சுலோகம் சொல்லிக்கொடுத்தார். ஒரே தடவையில் திருப்பிச் சொன்னான். "உச்சரிப்பைக் கவனிச்சேளா? ரத்தத்துல இருக்கு." பிரியம்வதா டீச்சர் அமீனைப் பார்த்தார். அமீன் முகத்தில் என்ன கண்டாரோ, அவரும் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பிரம்பனான் கோயில். சுற்றுச்சுவரில் ராமாயணம் செதுக்கியிருந்தது. ஹாலாஸ்யம் முன்னால் போய், "இது ஆஞ்சநேயர்" என்று காட்டினார். விஸ்னு இருமிவிட்டு, மன்னிக்கவேண்டும் ஐயா, இது சுக்ரீவன், வாலியோடு சண்டை, இருவரையும் ராமனுக்கு அடையாளம் தெரியாததால் இவன் இடுப்பில் இலை கட்டியிருக்கிறான் பாருங்கள் என்றான். அடுத்த கல்லில் என்ன, அதற்கடுத்த கல்லில் என்ன என்று பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனான். "நம்மாத்துக் குழந்தைகளுக்கு இதுல பாதி தெரியுமோ?" என்று ஹாலாஸ்யம் எல்லாரையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்.

சரியாகப் பதினொன்றரைக்கு வேன் ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால் நின்றது. ஓடு வேய்ந்த மூன்றடுக்குக் கூரை. உள்ளே ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"நிகழ்ச்சி இங்கேதானா? மண்டபம் நன்னா இருக்கே" என்றார் ஹாலாஸ்யம். இறங்கத் தயாராகக் காமிராவை எடுத்தார்.

விஸ்னு பையிலிருந்து ஒரு கறுப்புத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "வாங்க நூருல் ஐயா, குத்பா பிரசங்கம் ஆரம்பிச்சுரும்" என்றான் தன் மெதுவான ஆங்கிலத்தில். இருவரும் இறங்கி, குழாயடியில் கைகால் கழுவி, வரிசையில் கலந்து உள்ளே போய்விட்டார்கள்.

வேனுக்குள் பிரியம்வதா டீச்சர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கிரிதர். ஹாலாஸ்யம் காமிராவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

வாலாம்பாள் அதற்குமேல் வேனில் உட்காரவில்லை. சாயிராவைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பள்ளிவாசல் வாசலோரம் பெண்கள் கூடையில் பலகாரம் விற்றார்கள். பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாக, மேலே தேங்காய்ப்பூ தூவியிருந்தது. சைகையிலேயே கேட்டு, மாமிசம் எதுவும் இல்லை என்று உறுதியானபின் ஒன்றை வாயில் போட்டார். உள்ளே கருப்பட்டிப் பாகு வெடித்தது.

"ஏண்டி சாயிரா, இது கொழுக்கட்டைன்னா!"

"எங்க வீட்லயும் பண்ணுவோம்க்கா, வேற மாதிரி."

வாலாம்பாள் ஏழு தின்றார். வீட்டுக்காரருக்கு இரண்டு வாங்கலாமா என்று யோசித்து, அவர் இருக்கிற நிலைமையில் வேண்டாம் என்று அந்த இரண்டையும் தானே தின்றார்.

ஒரு மணிக்கு இருவரும் திரும்பி வந்தார்கள். ஹாலாஸ்யம் விஸ்னுவைத் தாண்டி அமீனைக் கேட்டார்.

"பாய், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் சார்."

"எப்போலேர்ந்து?"

"நாலு மாசமா."

"ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே சார். தயிரு, பொட்டு, செருப்பு எல்லாம் கேட்டீங்க. இதக் கேக்கலையே."

ஹாலாஸ்யம் விஸ்னுவிடம் திரும்பி ஆங்கிலத்தில், விஷ்ணு என்று பேரை வைத்துக்கொண்டு நீ எப்படி, என்று ஆரம்பித்தார். "எங்க தாத்தா வச்சாருங்க ஐயா" என்றான் அவன். "நல்ல பேருன்னு சொன்னார். இல்லையா?" அதற்கு இல்லை என்று ஹாலாஸ்யத்தால் எப்படிச் சொல்லமுடியும்?

மத்தியானம் முழுக்க அவர் பின் ஸீட்டில் உட்கார்ந்தார். மிச்சமிருக்கிற ஒருநாளுக்கு ஆளை மாற்றலாமா, ஏஜென்சியில் இன்னொருத்தன் இருந்தானே, அன்வர், என்று கிரிதரிடம் மெல்லக் கேட்டார்.

"மாத்தலாம் சார். ஆனா பேரு அன்வர்னா, அவன் ஒருவேளை இந்துவா இருந்துட்டா?" என்றார் கிரிதர்.

சாயங்காலம் திறந்தவெளி அரங்கில் ராமாயண நாட்டியம். பின்னால் கோயில் கோபுரங்களுக்கு விளக்குப் போட்டிருந்தார்கள். ராமன் வந்தான், சீதை வந்தாள், பொன்மான் துள்ளியது. அசோகவனத்தில் சீதை குனிந்து ஒரு பூவை எடுத்த விதத்தில் வாலாம்பாள் வாய்விட்டு "அம்மா" என்றார். ஹாலாஸ்யம் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு இருக்கை மாறி அமீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காதோரம் கேட்டார்:

"பாய், இந்த ராமன், சீதை... இவாளும்?"

"தெரியலையே சார். விஸ்னுவ விட்டுக் கேக்கச் சொல்லவா?"

"வேண்டாம், வேண்டாம்" என்று ஹாலாஸ்யம் அமீன் கையைப் பிடித்துக்கொண்டார். அனுமன் இலங்கைக்குத் தீ வைக்கிறவரைக்கும் அந்தக் கையை விடவில்லை. பயத்தினாலா, ஆட்டம் பிடித்துப்போனதாலா என்று அமீனுக்கு விளங்கவில்லை. ஹாலாஸ்யம் முழுதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். விஸ்னு வேன் கதவைத் திறந்துவிட்டபோது, "நன்னா இருந்தது" என்று தமிழிலேயே அவனிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

ஊர் திரும்பிப் பதினைந்தாம் நாள் சங்கத்தில் ஹாலாஸ்யம் அறிக்கை வாசித்தார். பதினெட்டுப் பக்கம். அதில் பத்துமலைக்கு மூன்று பக்கம், இட்லிக்கு ஒன்றரைப் பக்கம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு வரி: 'அன்று உள்ளூர்ப் பண்பாட்டு நிகழ்வு சிறப்பாக நடைபெற்றது.' வழிகாட்டியைப் பற்றி, 'இராமாயணத்தில் ஆழ்ந்த புலமை உள்ளவர்' என்றிருந்தது. இரண்டுமே பொய்யில்லை என்பதால் அமீனும் கைதட்டினார். ஒருங்கிணைப்பாளர் என்று அவருக்குச் சால்வை போட்டார்கள். சாயிரா அதை மடித்துப் பீரோவில் மூன்று சால்வைகளுக்கு மேல் வைத்தார். மூன்றும் யாருடைய கல்யாணத்திலோ வந்தவை.

விஸ்னு அவ்வப்போது பேசுவான். ஒருநாள் அவன் தாத்தா பாவை ஆட்டிய பழைய பதிவு ஒன்றை அனுப்பியிருந்தான். நான்கு மணி நேரம். அமீன் அதைக் கடையில் போட்டுவிட்டு, போனை ஒரு ஜாரில் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பார். பாஷை புரியாது. வெண்கலச் சத்தம் பிடித்திருந்தது. யார் யார் என்று விஸ்னு எழுதி அனுப்பியிருந்ததால் ஆட்களைத் தெரியும்.

அலங்காநல்லூரிலிருந்து கிரைண்டர் பெல்ட் வாங்க வந்த ஒச்சம்மாள் குனிந்து போனைப் பார்த்தார்.

"என்னண்ணே இது, நிழலா ஆடுது?"

"பாரதம்க்கா. ஜாவாவுல ஆடுறது."

"இந்த உருண்டைக் கண்ணன் யாரு?"

"பீமன்."

"பீமனா? எங்க ஊருப் பக்கம் பீமன்னா அம்புட்டு ஒசரம், இம்புட்டு அகலம் இருப்பான். இவன் இடுப்பு என்ன இப்படி ஒடிஞ்சு போய் இருக்கு?"

"இடுப்பப் பாக்காதீங்க. கட்டைவிரல் நகத்தப் பாருங்க. கத்தி மாதிரி வளந்திருக்கா? அந்த நகந்தான் அவனுக்கு ஆயுதம். அங்க பீமன்னா அதுதான் அடையாளம்."

ஒச்சம்மாள் இன்னும் கிட்டே குனிந்தார். திரையில் பீமன் யாரையோ தூக்கி எறிந்தான். வெண்கலம் ஒலித்தது.

"ஆட்டுற ஆளு யாரு, நம்ம ஆளா?"

"எனக்குத் தெரிஞ்ச பையனோட தாத்தா" என்றார் அமீன். பெல்ட்டை எடுத்து நீளம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"அடிக்கிறான் பாரு" என்றார் ஒச்சம்மாள். வாசலில் இருந்த இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.